வேட்டி கண்டுபிடித்த பிரம்பு

உலக அறிவியல் வளர்ச்சிக்கு வேட்டி ஆற்றிய தொண்டை இதுவரை யாரும் முறையாக எழுதவில்லை. ஆப்பிள் விழுந்ததைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் வழிந்ததையும் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் மண்டாய்க் கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், தலைவர் துரைசாமி ஐயாவின் வேட்டி கிழிந்ததை மட்டும் போடவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க என்னை விட்டால் ஆள் இல்லை. கிழிந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

ஆனால் சத்தமாகச் சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் இப்போதுதான் படுத்தார்கள். இன்று சாயங்காலம் தலைவர் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். எனக்குப் பதினாறு வயது. நான் திருடியதில்லை, பரீட்சையில் பார்த்து எழுதியதில்லை. ஒரு மண்ணெண்ணெய் டின்னில் முழங்கால் உயரச் செடி ஒன்று வளர்க்கிறேன். அவ்வளவுதான் என் குற்றம். நாளைக் காலை அதை வெட்ட ஆள் வருகிறது. அது என்ன செடி என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும். நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, பெரிய மனிதர்களிடம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நாங்கள் மண்டாயில், காட்டோரமாக, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கம்பத்து வீட்டில் இருந்தோம். அப்பா கல் உடைக்கும் மலையில் லாரி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தூறு பிரம்பு, காட்டு மரங்களின்மேல் ஏறிக் கிடந்தது. எங்களுக்கு வேலி என்று தனியாக எதுவும் கிடையாது, அந்த முள்தான் வேலி. அம்மாவின் கோழிகள் ராத்திரி அதன் அடியில் ஒதுங்கும். கோழி பிடிக்கிற மூசாங் பூனை உள்ளே வராது, கோழித் திருடனும் வரமாட்டான். பிரம்பின் உச்சியிலிருந்து சாட்டை மாதிரி ஒன்று நீண்டு தொங்கும். அதில் வரிசையாகக் கொக்கிகள். தொட்டால் பிடிக்கும். இழுத்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விடுபட வேண்டுமானால் நாமாகப் பின்னால் போக வேண்டும்.

துரைசாமி ஐயாவுக்குப் பின்னால் போகும் பழக்கம் இல்லை.

அவர் சிராங்கூன் சாலையில் துணிக்கடை முதலாளி. 'சிங்கைத் தமிழர் பொது அறிவு வளர்ச்சிக் கழக'த்தின் நிறுவனர், தலைவர், புரவலர் ஆகிய மூவரும் அவரே. கழகத்தின் ஆண்டு விழாவுக்கு ஆள் சேர்க்கக் கம்பம் கம்பமாக வந்துகொண்டிருந்தார். கூடவே செயலாளர் இராமசாமி. இராமசாமி தலைவருடைய மனைவியின் தம்பி. எங்கள் கொல்லையில் கோழி ஒன்று குறுக்கே ஓடியது. தலைவர் ஒதுங்கினார். சாட்டை வேட்டியைப் பிடித்தது. தலைவர் முன்னேறினார். வேட்டி முன்னேறவில்லை.

சிரிக்கக்கூடாது என்று அம்மா என்னைக் கண்ணால் எச்சரித்தார். அம்மா பெயர் பூவம்மா என்றாலும் கண் அப்படி இருக்காது. செயலாளர் மண்டியிட்டு, முள்ளுக்குள் கையை விட்டு, ரத்தம் வடிய வடியத் தம் அத்தானின் மானத்தை மீட்டெடுத்தார். தலைவர் கிழிசலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு செடியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன செடிம்மா?"

"பிரம்புங்கய்யா."

"என்ன பிரம்பு? பேரு?"

அம்மா யோசித்தார். "பேரெல்லாம் கெடையாதுங்க. அது பாட்டுக்கு இருக்கும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். பேசியபோது மேடைக் குரல் வந்துவிட்டது. "பெயரற்ற ஒன்று. சிங்கப்பூரில். ஒரு தமிழன் வீட்டுக் கொல்லையில்." செயலாளர் பக்கம் திரும்பினார். "மச்சான், இது புது இனம்."

இப்படித்தான் ஒரு தாவரம் உலகுக்கு அறிமுகமானது. மற்ற நாடுகளில் இதற்காக வருடக்கணக்கில் காட்டில் அலைகிறார்களாம். காய்ந்த இலைகளை ஒன்றோடு ஒன்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். பாவம், வேட்டி கட்டாதவர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் செயற்குழு துணிக்கடைக்கு மேல்மாடியில் கூடியது. கீழே மிளகாய் அரைக்கும் மில். அதனால் அந்தக் கழகத்தில் எந்தத் தீர்மானமும் கண்ணீர் மல்கத்தான் நிறைவேறும். 'தாவரத்தின் பொறுப்பாளர்' என்ற முறையில் அப்பாவை அழைத்திருந்தார்கள். அப்பாவுக்கு வேலை. அம்மா போனார். அம்மா தனியாக எங்கும் போகமாட்டார் என்பதால் நானும் போனேன்.

புது இனம் என்று உலகம் ஒத்துக்கொள்ள மூன்று காரியங்கள் வேண்டும் என்று தலைவர் விசாரித்து வைத்திருந்தார். காயவைத்த மாதிரி ஒன்று வேண்டும். லத்தீன் மொழியில் வருணனை வேண்டும். பெயர் வேண்டும். பெயரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அது தம்மிடம் தயாராக இருக்கிறது என்றார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

லத்தீனுக்குக் குலசிங்கம் ஐயாவை நியமித்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கழகத்தில் டை கட்டிய ஒரே உறுப்பினர் என்பதால் வெளிநாட்டு விவகாரம் எதுவானாலும் அவரிடம் போகும்.

"நான் கோயில் பூசையிலை கேட்ட லத்தீன்தான் எனக்குத் தெரியும்," என்றார் அவர் பணிவாக. "செடி கொடியைப் பற்றி அதிலை ஒண்டும் வராது."

"முள் வருமா?" என்று தலைவர் கேட்டார்.

"முள்முடி வரும்."

"போதும்."

அடுத்த கூட்டத்தில் குலசிங்கம் ஐயா வருணனையை வாசித்தார். அந்த ஓசைக்கு உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை, எல்லாரும் எழுந்து நின்றோம். பொருள் என்ன என்று கேட்டபோது, 'உன்னதத்தில் இருக்கிற தண்டே, உன் முட்களிலிருந்து எங்களை இரட்சியும்' என்று ஆரம்பிப்பதாகச் சொன்னார். தாவரவியலுக்கு இவ்வளவு பக்தி வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு பெயர். பிரம்பு வகைக்கு முன்பெயர் ஏற்கெனவே லத்தீனில் இருக்கிறது, அதற்குப் பின்னால் 'துரைசாமி' என்று வைத்து, லத்தீன் முறைப்படி வாலில் இரண்டு 'ஈ' சேர்க்க வேண்டும் என்றார் குலசிங்கம் ஐயா. ஒரு ஈ போதாதா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். பெரிய மனிதர்களைச் சுற்றி இரண்டாவது மொய்க்க வேண்டாமா என்று யாரோ சொன்னதைத் தலைவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மாதிரி தயாரிப்பதில்தான் கழகத்தின் உயர்ந்த நோக்கம் வெளிப்பட்டது. ஒட்டுகிற அட்டை ஒன்றரை அடி. எங்கள் பிரம்பின் ஓலையோ அப்பா உயரத்தைவிட நீளம். அட்டைக்கு அளவாக ஓலையை நறுக்கினார்கள். காயவைக்கப் பழைய செய்தித்தாள் தேவைப்பட்டது. தம் புகைப்படம் வந்த இதழ்களில் வைத்தால்தான் அழுத்தம் சரியாக இருக்கும் என்று தலைவர் கருதினார். ஒவ்வொரு படத்திலும் முகத்தில் முள் குத்தி ஓட்டை விழுந்தது. அதை அவர் தியாகம் என்று குறிப்பிட்டார்.

மாதிரி ஒருவர் வீட்டில் மட்டும் இருப்பது ஜனநாயகமா என்று உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினார். நியாயமான கேள்வி. செயற்குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி என்று முடிவாயிற்று. துணைக்குழுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்கும் ஒவ்வொன்று. வாரம் தவறாமல் பாராங் கத்தியோடு ஆள் வந்து எங்கள் கிணற்றடியில் வெட்டினான். வேலியில் சந்து விழுந்தது. அம்மாவின் வெள்ளைச் சேவல் போயிற்று. பிறகு முட்டையிடுகிற கோழி ஒன்று போயிற்று. அறிவியல் வளர வளரக் கோழி குறைகிறது என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டார். அப்பா, படித்தவங்க செய்றாங்க, பேசாம இரு என்றார்.

மாதிரிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, மல்லிகை மாலையும் சாத்தினார்கள். ஒரு படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

பெயர் சூட்டு விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் செயலாளர் இராமசாமி எழுந்தார். கையிலிருந்த பழைய முள் தழும்பை உயர்த்திக் காட்டினார்.

"கண்டுபிடிச்சது வேட்டி, அத்தான். கழட்டி விட்டது நான். அங்க சிந்தின ரத்தம் யாருது?"

"வேட்டி யாருது மச்சான்?" என்றார் தலைவர்.

மில் அன்று ஓடவில்லை. ஆனாலும் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. இராமசாமி படியிறங்கிப் போய், எதிர்த்த கடைமாடியில் 'சிங்கைத் தமிழர் உண்மைப் பொது அறிவு வளர்ச்சிக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார். நம்மிடையே ஒரு சங்கம் இரண்டாகும்போது இரண்டாவதில் 'உண்மை' சேர்வது வழக்கம். முதலாவதில் அது இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

உண்மைக் கழகத்துக்கும் ஒரு புது இனம் தேவைப்பட்டது. கிணற்றுக்கு அந்தப் பக்கத்துத் தூறு சும்மாதானே இருந்தது? இராமசாமி அதை வேறு இனம் என்று அறிவித்தார். காரணம் காட்டாமல் அறிவிக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பிரம்பு காய்த்தது. கோலிக்குண்டு அளவில், பாம்புத்தோல் மாதிரி செதில் போர்த்திய காய், குலை குலையாக. அந்தப் பக்கத்துப் பிரம்பு பூத்தது, ஆனால் ஒரு நாளும் காய்த்ததில்லை. ஆகவே இரண்டு இனம். ஒன்று துரைசாமி, ஒன்று இராமசாமி, ஆளுக்கு இரண்டு ஈ. குலசிங்கம் ஐயா இரண்டாவதற்கும் லத்தீன் எழுதிக் கொடுத்தார். சண்டைக்காரர்கள் இருவருக்கும் ஒரே பாதிரியார் பூசை வைப்பதில்லையா என்றார்.

தம் இனத்தின் பெருமையை விளக்கித் துரைசாமி ஐயா ஒரு பொதுக்கூட்டம் போட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு, காய்ப்பதுதான் வீரம் என்றார். காய்க்காத செடிக்கெல்லாம் ஒரு கழகமா என்று கேட்டார். இராமசாமி எதிர்க்கூட்டத்தில், தம் செடி பலனை எதிர்பார்க்காமல் பூக்கிறது, தன்னலமற்ற செடி என்றார். இரண்டு கூட்டத்திலும் கை தட்டினார்கள். தட்டினவர்கள் பாதிப் பேர் ஒரே ஆட்கள், நடுவில் சாலையைக் கடந்து போனார்கள்.

இரண்டு கழகங்களும் தங்கள் மாதிரிகளைச் செடிகளை ஆராயும் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பின. அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் காலை, கால்சட்டை போட்ட இளம் சீன அதிகாரி ஒருவர் சைக்கிளில் எங்கள் கம்பத்துக்கு வந்து இறங்கினார். பெயர் லிம். லத்தீன் வருணனையைப் படித்துவிட்டு முழங்காலில் நிற்கப் பார்த்ததாகவும், அட்டையில் ஒட்டியிருந்த ஓலையைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து ஓடி வந்ததாகவும் சொன்னார். இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு நாற்காலியும் மாலையுமாகக் கிணற்றுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

லிம் சார் அவர்களைப் பார்க்கவில்லை. மதியம் வரை பிரம்புகளை மட்டும் பார்த்தார். பூவைப் பிரித்துக் கண்ணாடியால் பார்த்தார், காயை அறுத்துப் பார்த்தார், கை காலெல்லாம் கீறல் வாங்கினார். வாங்க வாங்க அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் அம்மாவைத்தான் கூப்பிட்டார். அம்மாவிடம் மலாயில் பேசினார்.

"மக்சிக், துவா-துவா சாமா லா," என்றார். காய்த்த தூறைக் காட்டி, "இனி பினி." காய்க்காத தூறைக் காட்டி, "இத்து லாக்கி."

அத்தை, இரண்டும் ஒன்றுதான். இது பெண்டாட்டி, அது புருஷன். பிரம்பில் ஆண் தனியாகவும் பெண் தனியாகவும் வளருமாம். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எது பினி?" என்றார் துரைசாமி ஐயா.

அம்மாவால் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? "உங்களதுதாங்கய்யா."

மீசை முறுக்கிய கை அப்படியே நின்றது.

லிம் சார் இன்னும் நிறையச் சொன்னார். தாம் இப்படி ஒரு பிரம்பைப் பார்த்ததே இல்லை, நிஜமாகவே புது இனமாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற தம் துறைப் பெரியவரைக் கேட்க வேண்டும், பதில் வரும்வரை ஓர் ஓலையைக்கூடத் தொடக்கூடாது என்றார். இரண்டில் ஒன்று செத்தாலும் இனி விதை விழாது, உலகத்திலேயே இந்த இரண்டு தூறுதான் இருக்கிறதோ என்னவோ என்றார். "ஜாங்கான் போத்தோங்," என்று எல்லார் முகத்தையும் பார்த்துச் சொன்னார். வெட்டாதீங்க. சைக்கிளில் ஏறியபிறகும் திரும்பிப் பார்த்து அதையே சொன்னார். அவர் சொன்னதில் 'புது இனம்' என்பது மட்டும் இரண்டு கழகங்களின் காதிலும் விழுந்தது.

மச்சானும் மச்சானும் தம்பதி ஆகிவிட்டார்கள் என்று சிராங்கூன் சாலையில் டீக்கடைக்கு டீக்கடை சிரித்தார்கள். இதற்கு ஒரு வழி சொன்னவர் தலைவரின் மனைவி லட்சுமி அம்மாள்தான். புருஷன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்வதில்லையா, அதுபோல இதுகளுக்கும் முறையாகத் தாலி கட்டி வைத்துவிட்டால் ஊர் வாய் அடங்கும், இரண்டு கழகமும் சம்பந்தி ஆகிவிடும் என்றார். அறிவியல் கைவிட்ட இடத்தில் குடும்பப் பெண்ணின் அறிவு கைகொடுத்தது. 'பிரம்புத் திருமணப் பெருவிழா' என்று சாலை முழுவதும் சுவரொட்டி ஒட்டினார்கள்.

பேச்சுவார்த்தைதான் சிரமமாக இருந்தது. செடி பெண் என்பதால் துரைசாமி ஐயா பெண் வீட்டார். இராமசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றார். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்கவேண்டும் என்றார். வாழ்நாளில் யாருக்கும் வாசலில் நிற்காத தலைவர் பன்னீர்ச் செம்போடு நிற்கச் சம்மதித்தார். அறிவியலுக்காக மனிதர்கள் எவ்வளவு இறங்கி வருகிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

இடம் எது என்பதில் சிக்கல் வரவில்லை. மண்டாய் தூரம், சேறு, முக்கியப் பிரமுகர்களின் சப்பாத்து கெட்டுவிடும். சிராங்கூன் சாலையில் மண்டபம் இருக்கிறது. விருந்தினர் மணமக்களிடம் வர முடியாவிட்டால் மணமக்கள்தானே விருந்தினரிடம் போக வேண்டும்?

ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்த அன்று நான் கிணற்றடியில் போய் நின்றேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தலைவரிடம் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"லிம் சார் வெட்டக்கூடாதுன்னு சொன்னாருங்கய்யா."

"வெட்டலியேம்மா," என்றார் தலைவர் கனிவாக. "கல்யாணப் பொண்ணை யாராவது வெட்டுவாங்களா? வேரோட எடுக்கிறோம்."

மணமக்கள் அப்பாவின் லாரியில் போனார்கள். பெண்ணுக்குச் சிவப்புப் பட்டு, மாப்பிள்ளைக்கு ஜரிகை வேட்டி. பெண் குலையோடு இருந்தது நல்ல சகுனம் என்றார்கள், வாசலில் குலை தள்ளிய வாழை நிற்பதில்லையா? மண்டபத்தில் எழுநூறு பேர், நாதசுரம், வடை பாயசத்தோடு சாப்பாடு. தாலி கட்டப் போனவரின் அங்கவஸ்திரத்தைப் பெண் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாப்பிள்ளை, போட்ட மாலைகள் எதையும் திருப்பித் தரவில்லை. இரண்டு கழகத் தலைவர்களும் மேடையில் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஒன்பது பேர் வாழ்த்துரை வழங்கினார்கள். ஒவ்வொருவரும் மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்று முடித்தார்கள்.

வாழ்த்தி முடித்ததும் பங்கு போட்டார்கள். மேடைப் பிரமுகர்களுக்குப் பெயர் பொறித்த கைத்தடி. மற்றவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சாண் பிரம்பு. பந்தியில் பிந்தி வந்தவர்களுக்கு வேர். மணமக்களை ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு எடுத்துப் போன கல்யாணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவ்வளவு மரியாதை.

அடுத்த வாரம் லிம் சார் சைக்கிளில் வந்தார். தூரத்திலேயே மணியடித்துக்கொண்டு வந்தார். பெரியவரிடமிருந்து பதில் வந்துவிட்டதாம். புது இனமேதான், சந்தேகமே இல்லையாம். சொல்லிக்கொண்டே கிணற்றடிக்கு வந்தவர் இரண்டு பள்ளங்களையும் பார்த்து நின்றார். எங்கே என்று கையால் கேட்டார்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "சூடா காவின், துவான்," என்றார். கல்யாணம் ஆயிருச்சு, ஐயா.

லிம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டவில்லை. எங்கள் கம்பத்தில் மிளகாய் மில் கிடையாது.

பிறகு மூசாங் வந்து மிச்சக் கோழிகளையும் தின்றது. அதற்கு இனி வேலை வைக்காமல் அரசாங்கம் வந்து கம்பத்தையே எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கம்பத்தில் பக்கத்து வீட்டில் இருந்த நூருன்னிசாவுக்கு அதே புளோக்கில் எங்களுக்குக் கீழ்மாடி. அவள் என் வகுப்புத்தோழி. இந்தக் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாண மண்டபத்தில் அட்சதையோடு சேர்த்துப் பெருக்கிக் குவித்த குப்பையில் பெண்ணின் குலையிலிருந்து உதிர்ந்த காய்கள் கிடந்தன. கல்லாங்காய் விளையாட நல்லா இருக்கும் லா என்று அவள்தான் முதலில் பொறுக்கினாள். விளையாடினோம், சலித்தது, அம்மாவின் கறிவேப்பிலை டின்னில் போட்டுவிட்டு மறந்தோம். பல மாதம் கழித்துக் கறிவேப்பிலை பட்டுப்போன டின்னில் ஊசி மாதிரி ஒன்று தலை நீட்டியது. தொட்டேன். குத்தியது. எனக்குத் தெரிந்துவிட்டது.

லிம் சாரிடம் சொல்லப் பள்ளிக்கூடம் விட்டு நேராக அவர் அலுவலகத்துக்குப் போனேன். மேல்படிப்புக்கு வெளிநாடு போயிருக்கிறார், வர நாலைந்து வருடம் ஆகும் என்றார்கள். வேறு யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால், முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தனப் பொட்டோடு, தலைவர் அன்பளித்த ஓலை தொங்கியது. பேசாமல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். அவர் வரும்வரை இதை உயிரோடு வைத்திருப்பது என்று நானும் நூருன்னிசாவும் முடிவு செய்தோம். எங்கள் குழுவில் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. அதனால் தினமும் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

இன்று சாயங்காலம் துரைசாமி ஐயா மாடிப்படி ஏறி வந்தார். மறைந்த பிரம்புக்கு நினைவேந்தல் கூட்டம் நடத்துகிறார்களாம். 'உலகமே இழந்துவிட்ட நம் செல்வம்' என்ற தலைப்பில் அவர் பேசுகிறார். எங்காவது ஒரு கன்று மிச்சம் இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம், அந்தக் கன்றையும் மேடையில் வைத்துச் சிறப்புச் செய்வார்களாம். அழைப்பிதழை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் நின்றார். அவர் நிற்கவில்லை, வேட்டி நின்றது.

டின் வாசலில்தான் இருந்தது.

தலைவர் குனிந்தார். கைத்தடியால் ஓலையை ஒதுக்கினார். கல்யாணத்தில் அவருக்குக் கொடுத்த கைத்தடி. அதன் தாயின் தண்டு.

"இது என்ன செடிம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். "முள்ளுங்கய்யா."

"என்ன முள்ளு? பேரு?"

"பேரெல்லாம் கெடையாதுங்க."

அன்றைக்கு இதே பதில்தான் உலகையே உலுக்கியது. இன்று, இந்தப் பிரம்பின் ஒரே நிபுணர், அதற்குத் தம் பெயரை வைத்தவர், அதன் தாயைக் கல்யாணம் செய்து கொடுத்தவர், வேட்டியைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"பேரில்லாததை எல்லாம் வாசல்ல வளக்கலாமாம்மா? நாலு பேரு வந்து போற எடம். காலைல கடை ஆளை அனுப்புறேன், வெட்டிப் போட்ருவான்."

"சரிங்கய்யா," என்றார் அம்மா.

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். இது என்ன என்று சொல்லாவிட்டால் களை என்று வெட்டுவார்கள். சொல்லிவிட்டால் சிறப்புச் செய்வார்கள்.

அவர் போனதும் அம்மா அடுப்படியிலிருந்து கோணியை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். டின் இருந்த இடத்தில் எங்கள் செருப்பெல்லாம் அடுக்கி வைத்தார். நானும் நூருன்னிசாவும் டின்னுக்குக் கோணி சுற்றி மெதுவாகப் படியிறங்கினோம். அது என் பாவாடையை ஒரு பக்கமும் அவள் பாஜுச் சட்டையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தது. இழுக்கவில்லை. நின்று, பின்னால் போய், கழற்றி, மறுபடி நடந்தோம். அவள் வீட்டுத் துணி காயப்போடும் இடத்தில், கைலிகளுக்குப் பின்னால் வைத்தோம்.

"எங்கம்மா கேட்டா என்ன பேரு சொல்லட்டும்?" என்று நூருன்னிசா கிசுகிசுத்தாள்.

"பேரு இல்லன்னு சொல்லு."

"நாமளே ஒண்ணு வச்சிரலாம் லா, பாவம்."

"வேணாம்," என்றேன். "இதோட அப்பா அம்மாவுக்குப் பேரு வச்சாங்க."